ஒரே வண்டி, ரெண்டு சாரதி

திருநெல்வேலி வானொலி நேயர்களுக்கு வணக்கம். நம்ம பக்கம் மாட்டு வண்டிப் பந்தயம் முடிஞ்சதும் டீக்கடையில என்ன பேச்சு ஓடும்னு உங்களுக்கே தெரியும். மாடு அப்படிப்பட்ட மாடுன்னு ஒரு அண்ணாச்சி, இல்ல சாரதி கைதான்னு இன்னொரு அண்ணாச்சி. அந்த சண்டை தீரவே தீராது, ஏன்னா அதே மாட்டை அதே நாள்ல வேற சாரதி கையில குடுத்து ஓட்டிப் பாக்க முடியாது. பார்முலா ஒன் கார் பந்தயத்துல அது கிட்டத்தட்ட முடியும், ஒவ்வொரு டீம்லயும் ஒரே மாதிரி ரெண்டு கார், ரெண்டு டிரைவர். அதனாலதான் ரேஸுக்கு மொத நாள், ஒரு சுத்து வேகத்த வச்சு யாரு எந்த எடத்துல இருந்து கெளம்பணும்னு முடிவு பண்ணுற குவாலிஃபையிங்க நான் இத்தனை வருஷமா விடாம பாக்கேன்.

ஆனா எத்தனை தடவை எவன் முந்துனான்னு மட்டும் எண்ணுனா ஏமாந்து போவோம், இதைத்தான் முக்கியமா சொல்ல வந்தேன். 2018 குவாலிஃபையிங்ல அலோன்சோ தன் டீம்மேட் வண்டோர்ன 21க்கு 0ன்னு ஜெயிச்சாரு. அந்த ஸ்கோர்ல, முடி அளவு முந்துனாலும் ஒண்ணுதான், ஒரு செகண்ட் முந்துனாலும் ஒண்ணுதான். 1988 மொனாகோவுல சென்னா ப்ராஸ்ட்ட விட 1.427 செகண்ட் வேகம், ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி மெக்லாரன் டீம் கார்தாங்க! எண்ணிக்கையில அதுவும் வெறும் ஒண்ணு.

செகண்டையும் அப்படியே எடுக்கக் கூடாது. ஆஸ்திரியா டிராக்ல ஒரு சுத்து 1 நிமிஷம் 5 செகண்டுக்குள்ள முடிஞ்சுரும், பெல்ஜியம் ஸ்பாவுல 1 நிமிஷம் 40 செகண்ட தாண்டிரும். பாளையங்கோட்டைக்குப் போறதுக்கும் தென்காசிக்குப் போறதுக்கும் அஞ்சு நிமிஷம் லேட்டுன்னா ஒரே லேட்டா? அதனால சதவீதமா மாத்திப் பாக்கணும். சராசரியும் வேண்டாம், ஒரு நாள் இன்ஜின் மக்கர் பண்ணுனா மொத்த கணக்கும் சாஞ்சுரும், வித்தியாசங்கள வரிசையா அடுக்கி நடுவுல நிக்கத எடுங்க. குவாலிஃபையிங் கட்டம் கட்டமா நடக்கும், அதுல ரெண்டு பேரும் சேந்து ஓடுன கடைசி கட்டத்தத்தான் ஒப்பிடணும், ஏன்னா வண்டி ஓட ஓட ரப்பர் படிஞ்சு டிராக் வேகமாயிரும்.

இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை, 1984. மெக்லாரன்ல லௌடாவும் ப்ராஸ்ட்டும். 16 ரேஸ், குவாலிஃபையிங்ல ப்ராஸ்ட் 15, லௌடா 1. பாத்தவங்க லௌடா கதை முடிஞ்சதுன்னுதான் நெனச்சிருப்பாங்க, ஆனா அந்த மனுஷன் சனிக்கிழமை குவாலிஃபையிங்க பத்தி கவலையே படாம ஞாயித்துக்கிழமை ரேஸுக்குத்தான் கார தயார் பண்ணுனாரு. கடைசி ரேஸ் போர்ச்சுகல்ல, ப்ராஸ்ட் ரெண்டாவது எடம், லௌடா 11வது எடத்துல இருந்து கெளம்புறாரு, ஒவ்வொருத்தரா தாண்டி, முன்னால போன மான்சலுக்கு பிரேக் போக, ரெண்டாவதா வந்து சேந்தாரு. ரேஸ ஜெயிச்சது ப்ராஸ்ட், ஆனா வருஷம் முழுக்க சேத்த பாயிண்ட்ல பட்டம் லௌடாவுக்கு. 72க்கு 71.5, அரை பாயிண்ட்ங்க, அரை பாயிண்ட்! அந்த வருஷம் மொனாகோவுல மழையால ரேஸ பாதியில நிறுத்தி, ஜெயிச்ச ப்ராஸ்ட்டுக்கு பாதி பாயிண்ட்தான் குடுத்தாங்க.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுதாங்க, நேரம் ஆயிட்டு. மழை நாள் குவாலிஃபையிங் பத்தி நிறைய வச்சிருந்தேன், ஒண்ணு மட்டும் சொல்லிருதேன், மழை நாள தனியா வைங்க. 2014 மொனாகோவுல ரோஸ்பெர்க் பாதைய விட்டுப் போயி, வேகத்த கொறைங்கன்னு எச்சரிக்கிற மஞ்சக்கொடி விழுந்து, பின்னால வந்த ஹாமில்டன் சுத்து வீணாச்சே, அந்த மாதிரி நாளையும் என் கணக்குல நான் சேக்க மாட்டேன். வணக்கம்.