பந்திக்கு முந்தியவர் யார்?

சங்கத் தலைவர் அவர்களே, முப்பது வருடமாக இந்தச் சங்கத்தைத் தாங்கி நிற்கும் செயலாளர் அவர்களே, வேலைநாளிலும் நமக்காக வந்திருக்கும் மாவட்டத் தொழில் மையப் பொது மேலாளர் அவர்களே, என் நெடுநாள் நண்பரான வங்கிக் கிளை மேலாளர் அவர்களே, பட்டறையைப் பூட்டிவிட்டு வந்திருக்கும் தொழில் செய்வோரே, எல்லோருக்கும் வணக்கம்.

'பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து' என்பார் என் பாட்டி. ஒரு கம்பெனி திவாலாகி, கலைப்புக்குப் போனால், அதாவது சொத்தை விற்று மூடும் நிலைக்கு வந்தால், யாருக்கு முதலில் பணம் என்று சட்டமும் பந்திதான் போடுகிறது. மூன்று விஷயம் பேச வந்தேன்: யாருக்கு எந்தப் பந்தி, வங்கி தன் ஈட்டை, அதாவது கடனுக்குப் பிடித்த அடமானத்தை, எப்படிப் பதிகிறது, வெளிநாட்டு வழக்கம் என்ன.

2016ஆம் ஆண்டுத் திவால் சட்டத்தின் 53ஆம் பிரிவைப் பாருங்கள். முதலில் நடவடிக்கைச் செலவு. அடுத்து, தொழிலாளரின் 24 மாதச் சம்பள பாக்கியும், ஈட்டை விட்டுக்கொடுத்த வங்கியின் கடனும் சரிசமமாக. விட்டுக்கொடுக்காத வங்கி, ஈட்டைத் தானே விற்று எடுத்துக்கொள்ளலாம். அதில் எனக்குக் குறையில்லை. பத்திரம் வாங்காமல் யார் கோடிக்கணக்கில் கொடுப்பார்?

சரி, நம் ஆள் எங்கே?

ஒரு அட்டைப்பெட்டிக்காரர் என்னிடம் வந்தார். கடனுக்குப் பெட்டி கொடுத்த நூற்பாலை கலைப்புக்குப் போய்விட்டது. மஞ்சப்பையில் டெலிவரி சலான் கட்டு, குறுக்கே ரப்பர் பேண்ட். "ஐயா, குடோன் ஜன்னல் வழியா பார்த்தேனுங்க. என் பெட்டி அடுக்கினது அடுக்கினபடி இருக்கு. ஓரத்துல என் பட்டறை முத்திரை. எடுத்துட்டு வந்துடட்டுங்களா?" காவலாளி பழகினவர்தான், தண்ணீர் கொடுத்தாராம். கேட்டை மட்டும் திறக்கவில்லை. அவருக்கே நாலு மாதச் சம்பளம் பாக்கி.

விற்று, இறக்கியாச்சு, சரக்கு இனி ஆலையுடையது என்றேன். "காசு வரலையேங்க!" சட்டப் புத்தகத்தை விரித்தேன். ஒவ்வொரு வரியிலும் விரல் வைத்து "இதுங்களா நான்?" என்று கேட்டார். தொழிலாளர், இல்லை. ஊழியர், இல்லை. ஈடில்லாமல் பணம் கடன் கொடுத்தவர், இல்லை. அரசு பாக்கி, இல்லை. 'மீதமுள்ள கடன்கள்' என்ற வரியில் விரல் நின்றது. பந்திக்கு முந்து என்கிறோம், முந்தினாலும் இவருக்கு இலை கிடையாது. ஒரு ரூபாய்கூட வரவில்லை.

இது மாற்ற முடியாத வரிசை அல்ல. ஒரு காலத்தில் தொழிலாளரும் வங்கிக்குப் பின்னால்தான் நின்றார்கள். 1985இல் கம்பெனிச் சட்டத்தைத் திருத்திச் சமமாக உட்கார வைத்தார்கள். 2018இல் வீடு வாங்க முன்பணம் கட்டியவர்களையும், வங்கியைப் போலப் பணம் கடன் கொடுத்தவர்களாக ஏற்றார்கள். சிறுதொழில்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006இலேயே சட்டம் வந்தாச்சு. கம்பெனி கலைந்த பிறகு அதை வைத்து யாரிடம் கேட்பது? கடைசி மூன்று மாதம் சரக்குக் கொடுத்த சிறுதொழிலை, அரசு பாக்கிக்கு முன்னாலாவது உட்கார வையுங்கள் என்கிறேன். பொது மேலாளர் அவர்கள் இதை மேலே கொண்டுபோக வேண்டும்.

ஈட்டுப் பதிவை 30 நாளுக்குள் கம்பெனிப் பதிவாளரிடம் செய்துவிட வேண்டும் என்பது சட்டம். அதன் விவரத்தையும் வெளிநாட்டு வழக்கத்தையும் இன்னொரு நாள் பேசுகிறேன், தலைவர் கடிகாரம் பார்க்கிறார். வாசல் மேசையில் மனு இருக்கிறது. கையெழுத்தோடு, உங்களுக்கு வராமல் போன பில் தொகையையும் எழுதிவிட்டுப் போங்கள்.