மிளகாய் அரைத்தால் திருடன் அலறுவானா? ஒழுக்கத்துக்கு மதம் கட்டாயமா?

வணக்கம் மக்களே! வீட்டில் நகை காணோம். எடுத்தது யார் என்று உங்களுக்குத் தெரியும், ஆனால் சாட்சி இல்லை. ஸ்டேஷனுக்குப் போனால் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகச் சொல்கிறார்கள். பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் என்றால் இந்த நேரத்தில் ஒரு பெரியம்மா வந்து சொல்வார்: "ஆனமலைக்குப் போயி மொளகா அரைச்சுப் பூசிட்டு வா கண்ணு, எடுத்தவனுக்கு ஒடம்பெல்லாம் எரியும், தானா கொண்டாந்து போடுவான்."

(திரையில்: ஆனைமலை மாசாணியம்மன் கோயில்)

கோயிலில் அம்மன் படுத்த கோலத்தில் இருப்பார். அங்கே நீதிக்கல் என்று ஒரு கல் உண்டு, ஏமாந்தவர்கள் வர மிளகாயை அரைத்து அதில் பூசிவிட்டு வருவார்கள். நியாயம் கிடைத்ததும் திரும்பப் போய் எண்ணெய்க் காப்பு செய்து அம்மனைக் குளிர வைக்க வேண்டும். வழக்கும் உண்டு, தீர்ப்பும் உண்டு, வக்கீல் ஃபீஸ் மட்டும் கிடையாது.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் வேறு. நன்னன் என்ற அரசனின் காவல் மரத்து மாங்காய் ஒன்று ஆற்றில் மிதந்து வர, குளிக்கப் போன பெண் அதை எடுத்துத் தின்றுவிடுகிறாள். அதற்கு மரண தண்டனை! அவளுக்கு ஈடாக 81 யானையும், அவள் எடைக்குப் பொன்னால் செய்த பாவையும் தருகிறோம் என்று கெஞ்சியும் கேட்காமல் கொன்றுவிட்டான். இது குறுந்தொகையில் பரணர் சொல்வது. அந்தப் பெண்தான் மாசாணி என்பது ஆனைமலைப் பக்கத்து வழக்கு. ஒரு மாங்காய்க்காக உயிரை விட்டவள்தான் இன்றைக்கு நியாயம் கேட்டு வருகிறவர்களுக்கு நீதிபதி.

இப்போது கொஞ்சம் கவனிங்க. பரணர் அவனைப் 'பெண்கொலை புரிந்த நன்னன்' என்று சொல்லிவிட்டு நேராக நரகத்துக்கு அனுப்புகிறார். அது கொடுமை என்று தெரிந்துகொள்ள அவர் எந்த வேதத்தையும் புரட்டிப் பார்த்ததாகப் பாட்டில் இல்லை, கேட்டவுடனே எல்லாருக்கும் வயிறு பற்றியிருக்கும். நரகம் எதற்கு வந்தது என்றால், அரசனைக் கூண்டில் ஏற்ற அரசனுக்கு மேல் ஆள் இல்லை. தப்பு எது என்பது மனுஷனுக்கு முன்னாடியே தெரிந்திருக்கிறது, தண்டனைக்குத்தான் சாமி தேவைப்பட்டிருக்கிறது. நான் இந்த வீடியோ போட்டதே இதைச் சொல்லத்தான், பாதியில் ஓடப் பார்க்கிறவர்கள் இதையாவது வைத்துக்கொள்ளுங்கள்.

தத்துவம் கேட்பீர்கள், ஒரே மூச்சில் முடித்துவிடுகிறேன்: ஒன்று நல்லது என்பதால் தெய்வம் அதை விரும்புகிறதா, தெய்வம் விரும்புவதால் அது நல்லதாகிறதா என்று சாக்ரடீஸ் கேட்டதாகப் பிளேட்டோ எழுதி 2,400 வருஷம் ஆகிறது, சண்டை இன்னும் ஓயவில்லை.

குரங்குக்கு வருவோம். 2003-ல் சாரா பிராஸ்னன், ஃபிரான்ஸ் டி வால் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கபுசின் குரங்குகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். கல்லைக் கொடுத்தால் வெள்ளரித் துண்டு கிடைக்கும், அதுவரைக்கும் சந்தோஷம். பக்கத்துக் குரங்குக்கு அதே வேலைக்குத் திராட்சை கொடுத்ததும் வெள்ளரியை வாங்க மறுத்தன, சிலது தூக்கியே எறிந்தன. கோயில் குளம் எதுவும் பார்க்காத குரங்கு. அதற்கே இந்த ரோஷம் இருந்தால், பங்காளிக்கு அரை சென்ட் கூடப் போனதற்குக் கோர்ட் ஏறும் நம்மைக் கேட்கவா வேண்டும்!

சரி, சாமி பார்க்கிறது என்ற பயம் வேலை செய்யுமா? 2006-ல் இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில், டீ குடித்துவிட்டு உண்டியலில் நாமே காசு போடும் இடத்தில், விலைப் பட்டியலுக்கு மேல் ஒரு வாரம் பூப்படம், ஒரு வாரம் கண் படம் ஒட்டினார்கள். கண் இருந்த வாரங்களில் ஏறக்குறைய மூன்று மடங்கு காசு! ஈரோடு, சேலம் பக்கம் முனியப்பனுக்கு அந்த உருட்டு விழியை வைத்தவர் யாரோ, அவருக்கு இதை எந்தப் பல்கலைக்கழகமும் சொல்லித் தரவில்லை. ஆனால் கண் படத்தைப் பார்த்தால் மனுஷன் தாராளமாகிவிடுவான் என்பது 2017-ல் பல ஆய்வுகளைச் சேர்த்து அலசியபோது நிற்கவில்லை. படத்துக்குப் பயப்படுகிறவனும் பழகிவிடுவான் போல. பூஜை போடாமல் திறந்த சீட்டுக் கம்பெனி ஒன்றையாவது பார்த்திருக்கிறீர்களா? 2012-ல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழியில் பணத்தைப் போட்டுவிட்டுத் தெருவில் நின்ற சனத்தைக் கேட்டால் தெரியும்.

அப்போது மதம் வேண்டாமா? 2020-ல் பியூ ஆய்வு மையம் வெளியிட்ட கணக்கில், நல்லவராக இருக்கக் கடவுள் நம்பிக்கை அவசியம் என்றவர்கள் இந்தியாவில் 79 சதவீதம், சுவீடனில் 9. சுவீடன்காரர்கள் எல்லாம் திருடிக்கொண்டு திரியவில்லை. அங்கே புகார் கொடுத்தால் நடக்கும், வயசானால் பென்ஷன் வரும். இங்கே இது ரெண்டையும் நம்பி உட்கார முடியாதவர்தான் மிளகாயோடு பஸ் ஏறுகிறார், அவரைக் கிண்டல் பண்ண எனக்கு மனசில்லை.

இன்னொன்று. காங்கேயம் பக்கத்துக் கொறங்காட்டை, அதாவது மேய்ச்சல் நிலத்தைச் சுற்றிக் கிளுவை வேலி இருக்கும். புல்லை முளைக்க வைப்பது வேலி இல்லை, மழைதான். வேலி மேய்ச்சலைக் காக்கும், கூடவே யார் உள்ளே வரக்கூடாது என்றும் முடிவு பண்ணும். ஒழுக்கத்துக்கு மதமும் அந்த வேலி மாதிரிதான். அம்மனுக்குப் பயந்த ஊரில்தான் டீக்கடையில் இரட்டை டம்ளரும் இருந்தது. யாரைக் கோயில் வாசலோடு நிறுத்தினோம் என்று உங்களுக்கே தெரியும். அதைச் சாமிக்குத்தம் என்று யாரும் காப்புக் கட்டவில்லை.

மதம் என்றாலே படைத்த கடவுள் என்றும் இல்லை. உலகைப் படைத்தவன் ஒருவன் உண்டு என்பதையே ஏற்காத சமணத்துக்கு விஜயமங்கலத்தில் கோயிலே இருக்கிறது.

அப்புறம் நம்ம ஈரோட்டுக்காரரைச் சொல்லாமல் விட்டால் கமெண்டில் அடிப்பீர்கள். 1925-ல் சுயமரியாதை இயக்கத்தைத் தொடங்கிய பெரியார், சாமியும் வேண்டாம் புரோகிதரும் வேண்டாம், ஆனால் கல்யாணம் உண்டு என்றார். 1967-ல் அண்ணா ஆட்சி அதற்குச் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. சொந்தபந்தம், நண்பர்கள் முன்னால் மாலையோ மோதிரமோ மாற்றினாலும் தாலி கட்டினாலும் போதும். அக்கினி சாட்சி இல்லாமல் குடும்பம் நிற்குமா என்று கேட்டவர்களுக்குப் பேரன் பேத்திகளே பதில். உங்கள் வீட்டில் அப்படிக் கல்யாணம் பண்ணிய தாத்தா பாட்டி இருந்தால், மற்ற ஜோடிகளைவிட அதிகமாகச் சண்டை போட்டார்களா, கம்மியா என்று கீழே எழுதுங்க. பாட்டியிடம் கேட்டுவிட்டு எழுதுங்க, தாத்தா சொல்வதை நம்ப முடியாது.