பயம் காட்டுபவரை யார் கேட்பது?

வணக்கம் நேயர்களே. அமெரிக்க அதிபர் தேர்தலில் பயம் எப்படி ஓட்டாக மாறுகிறது என்பதைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

1964 செப்டம்பர் 7, திங்கட்கிழமை இரவு. என்பிசி தொலைக்காட்சியில் ஒரு நிமிட விளம்பரம் வருகிறது. ஒரு சிறுமி பூவின் இதழ்களைப் பிய்த்துப் பிய்த்து எண்ணுகிறாள். குழந்தைதானே, எண்கள் முன்பின்னாக வருகின்றன. அவள் ஒன்பதைத் தொட்டதும் ஓர் ஆண் குரல் பத்திலிருந்து கீழ்நோக்கி எண்ணத் தொடங்குகிறது. காமிரா அவள் கண்ணை நெருங்குகிறது. பூஜ்யம் என்றதும் அணுகுண்டு வெடிக்கிறது. அதிபர் ஜான்சனுக்கு ஓட்டுப் போடுங்கள், இந்த முறை வீட்டில் உட்கார்ந்திருந்தால் ஆபத்து என்ற பொருளில் விளம்பரம் முடிகிறது.

எதிர்த்து நின்ற பாரி கோல்ட்வாட்டரின் பெயர் அதில் வரவே இல்லை. வரவேண்டிய அவசியமும் இல்லை. சிறிய அணு ஆயுதங்களைப் பயன்படுத்தும் முடிவைப் படைத் தளபதியிடமே விடலாம் என்று அவர் பேசியது ஊரறிந்த விஷயம். அமெரிக்காவையும் சோவியத் யூனியனையும் அணுப்போரின் விளிம்புக்கே கொண்டுபோன கியூபா ஏவுகணை நெருக்கடி முடிந்து இரண்டு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. மீதியைப் பார்த்தவர்களே நிரப்பிக்கொண்டார்கள். ஜான்சன் தரப்பு அதைக் காசு கொடுத்து ஒளிபரப்பியது ஒரே ஒரு தடவைதான். அப்புறம் செய்தி நிகழ்ச்சிகள் இலவசமாகவே போட்டுக் காட்டின. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான டோனி ஷ்வார்ட்ஸ் ஓர் ஒலிக்கலைஞர். படமே இல்லாமல் கேட்டாலும் அது உலுக்கும். வானொலிக்காரர்கள் இதற்குப் பெருமைப்படுவதா என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன்.

அணுப்போர் அபாயம் உண்மையானது. ஆகவே இதைப் பொய்ப் பிரசாரம் என்று ஒதுக்கிவிட முடியாது. என் குறை வேறு. கோல்ட்வாட்டரின் விரல் எந்தப் பொத்தானுக்குப் போகும் என்று நாடே பார்த்துக்கொண்டிருந்தது. வியட்நாமில் என்ன செய்யப்போகிறீர்கள் என்று ஜான்சனை நெருக்கிப் பிடிப்பது பின்னுக்குப் போயிற்று. இத்தனைக்கும் வியட்நாமில் படையைப் பயன்படுத்த அவருக்கு அதிகாரம் தரும் டோங்கின் வளைகுடாத் தீர்மானம் அதற்கு முந்தைய மாதம்தான் நிறைவேறியிருந்தது. அவர் 44 மாநிலங்களில் வென்றார். 1965 மார்ச்சில் அமெரிக்கக் கடற்படைப் பிரிவு வீரர்கள் வியட்நாமின் டா நாங்கில் இறங்கினார்கள்.

பயம் காட்டுகிறவருக்குக் கிடைக்கும் பெரிய லாபம் இதுதான்: அவரை யாரும் கேள்வி கேட்பதில்லை. இரண்டே பேர் மோதும் அதிபர் தேர்தல் இதற்கு ரொம்ப வசதி. பல கட்சிகள் நிற்கும் இடத்தில் ஒருவர்மேல் பயம் வந்தால் ஓட்டு எங்கெங்கோ சிதறலாம். இங்கே அது நேராக மற்றவர் பெட்டியில் விழும். அவர் தன்னைப் பற்றி எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை.

1960 தேர்தலில் வேட்பாளர் கென்னடி, சோவியத் யூனியனிடம் ஏவுகணைகள் அதிகம், நாம் பின்தங்கிவிட்டோம் என்று முழங்கினார். உண்மையில் அமெரிக்காதான் முன்னால் இருந்தது. பதவியேற்ற அடுத்த மாதமே அவருடைய பாதுகாப்பு அமைச்சர் மக்னமாரா அப்படி ஓர் இடைவெளி இல்லை என்று நிருபர்களிடம் சொல்லிவிட்டார். ஏவுகணை குவிப்பு மட்டும் நிற்கவில்லை.

1988இல் ஜனநாயகக் கட்சி வேட்பாளரான மாசசூசெட்ஸ் ஆளுநர் டுகாகிஸ்மேல் பாய்ந்த விளம்பரம் இன்னும் அசிங்கமானது. அவருடைய மாநிலச் சிறையிலிருந்து தற்காலிக விடுப்பில் வெளியே போய்த் திரும்பாமல் கொடுங்குற்றம் செய்த ஒரு கறுப்பினக் கைதியின் புகைப்படத்தை வீடுவீடாகக் கொண்டுபோனார்கள். குற்றம் நடந்தது நிஜம். ஆனால் அந்த விடுப்புத் திட்டம் 1972இல் ஒரு குடியரசுக் கட்சி ஆளுநர் காலத்தில் தொடங்கியது. அந்தப் புகைப்படத்துக்கு முன்னால் இந்த விவரம் எடுபடவில்லை. எதிர்த்து நின்ற குடியரசுக் கட்சியின் ஜார்ஜ் எச்.டபிள்யூ. புஷ் 40 மாநிலங்களில் ஜெயித்தார்.

சரி, ஜான்சன் கதைக்கு வருவோம். 1968க்குள் வியட்நாமில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கப் படையினர் இருந்தார்கள். அவர் மறுபடி போட்டியிடவில்லை. அந்த வருடம் நகரங்களில் கலவரம். சட்டம் ஒழுங்கு என்ற கோஷத்தோடு வந்தவர் நிக்ஸன். போரை எப்படி முடிப்பார் என்பதைக் கடைசிவரை விவரமாகச் சொல்லாமலே ஜெயித்தார். போர் நிறுத்தத்துக்கான பாரிஸ் ஒப்பந்தம் கையெழுத்தாக 1973 ஜனவரி ஆயிற்று.