காலி டியூபை யார் வாங்குவாங்க?

[காட்சி: வாஷ்பேசின் ஓரம். தீர்ந்துபோன டூத்பேஸ்ட் டியூப் மேல் பூரிக்கட்டை உருளுகிறது.]

பேஸ்ட் தீர்ந்துபோச்சுன்னு நம்ம வீட்ல அவ்வளவு சுலபமா ஒத்துக்க மாட்டோம். முதல்ல வாலிலிருந்து சுருட்டுவோம். அப்புறம் பூரிக்கட்டை. கடைசியா கத்தரிக்கோல். நடுவுல வெட்டி, உள்ள பிரஷ்ஷை விட்டு வழிச்சு இன்னும் ரெண்டு மூணு நாள் ஓட்டிடுவோம்.

அப்படி வெட்டினப்போ உள்பக்கத்தைக் கவனிச்சிருக்கீங்களா?

[காட்சி: வெட்டிய டியூப், மிக நெருக்கத்தில். வெள்ளிப் பளபளப்பு.]

பல டியூப்கள்ல வெளியில பிளாஸ்டிக், உள்ளயும் பிளாஸ்டிக், நடுவுல தலைமுடியை விட மெல்லிசா ஒரு அலுமினியத் தாள். மூணும் பிரிக்கவே முடியாதபடி ஒட்டிக்கிட்டு இருக்கும். இந்த டியூபை எங்க தெரு பழைய பேப்பர் கடையில நீட்டினேன். கடைக்காரர் வெட்டின ஓரத்தை நகத்தால சுரண்டிப் பார்த்தார். "இது பிளாஸ்டிக்கும் இல்ல, அலுமினியமும் இல்ல. எதோட சார் போடுறது?" திருப்பிக் கொடுத்துட்டார்.

இந்த வீடியோவே அவர் கேட்ட கேள்விதான். (ஆலும் வேலும் பத்தி கமென்ட் எழுதக் கை துடிக்கிறவங்களுக்கு: வேப்பங்குச்சிக்கு டியூப் கிடையாது, அதனால இங்க அதுக்கு வேலை இல்லை.)

[காட்சி: டியூபின் குறுக்குவெட்டு அனிமேஷன். அடுக்குகள் ஒவ்வொன்றாக விரிகின்றன.]

அந்த அலுமினியத் தாள் எதுக்கு? வாசனைக்கு. புதினா எண்ணெய் சாதாரண பிளாஸ்டிக்குள்ள மெதுவா ஊடுருவி வெளியில போயிடும். ரொம்ப நாள் கடை அலமாரியில இருந்த பேஸ்ட்ல மணம் குறைஞ்சு போயிடும். அலுமினியம் அதைத் தடுத்து நிறுத்துது. பிளாஸ்டிக் அடுக்கு, அமுக்கினா திரும்பிப் பழைய வடிவத்துக்கு வர்றதுக்கு. வேலைன்னு பார்த்தா அருமையான கண்டுபிடிப்பு. காலியான மறு நிமிஷம் யாருக்கும் வேண்டாத பொருள்.

முன்னாடி இப்படி இல்லை. முன்னாடி டியூப்னா முழுக்க உலோகம், பெரும்பாலும் வெள்ளீயம். 1942-ல ஜப்பான் மலாயாவைப் பிடிச்சதும் அமெரிக்காவுக்கு வெள்ளீய வரத்து அடைபட்டுப் போச்சு. உடனே அங்க ஒரு விதி வந்தது: டூத்பேஸ்ட் வேணுமா, பழைய டியூபைக் கடையில கொடு, அப்புறம் புதுசை வாங்கிக்கோ. சோடா பாட்டில் மாதிரி. சுற்றுச்சூழல் மேல பாசம் வந்து செய்யல, போருக்கு உலோகம் வேணும்னு செஞ்சாங்க. ஆனாலும் காலி டியூபுக்கு வாங்குற ஆள் இருந்தார்.

[காட்சி: அமெரிக்க வரைபடம். வடகிழக்கு மூலையில் மெய்ன் மாநிலம் ஒளிர்கிறது.]

இப்போ நம்ம கதைக்கான கம்பெனி: டாம்ஸ் ஆஃப் மெய்ன். டாம் சேப்பல், கேட் சேப்பல்னு ஒரு கணவன் மனைவி, 1970-ல, கென்னபங்க்ங்கற சின்ன ஊர்ல, 5,000 டாலர் கடன் வாங்கி ஆரம்பிச்சாங்க. முதல்ல வித்தது பேஸ்ட் இல்லை, துணி துவைக்கிற திரவ சோப்பு. அப்போ சோப்புல இருந்த பாஸ்பேட் ஏரிகள்ல கலந்து பாசி மண்டி மீன் செத்துக்கிட்டு இருந்த காலம். இவங்க சோப்புல பாஸ்பேட் கிடையாது. காலி டப்பாவைத் தபால்ல திருப்பி அனுப்பினா மறுபடி நிரப்பவும் செஞ்சாங்க. அதாவது அந்தக் கடைக்காரர் கேட்ட கேள்விக்கு முதல் பொருள்லயே பதில் வச்சிருந்தாங்க.

1975-ல டூத்பேஸ்ட் வந்தது. அலுமினிய டியூப்ல. செயற்கை நிறமோ சாக்கரினோ கிடையாது, விலங்குகள் மேல சோதனையும் கிடையாது. லாபத்துல 10 சதவீதம் தானத்துக்கு ஒதுக்கறதும் பின்னாடி வந்தது. நல்ல விஷயம்தான், ஆனா இதெல்லாம் அவங்க வெப்சைட்லயே படிச்சுக்கலாம். நான் டியூப்புக்கே வர்றேன்.

[காட்சி: அலுமினிய டியூப் மடங்கி, மடிப்பில் விரிசல். பேஸ்ட் கசிகிறது.]

2011-ல அந்தக் கம்பெனி அலுமினியத்தைக் கைவிட்டு, நான் ஆரம்பத்துல வெட்டிக் காட்டின அதே மாதிரி அடுக்கு டியூபுக்கு மாறினாங்க. பல வருஷ வாடிக்கையாளர்களுக்குக் கோபம் தலைக்கேறிடுச்சு. ஏற்கெனவே 2006-ல கோல்கேட் 10 கோடி டாலர் கொடுத்து 84 சதவீதப் பங்கை வாங்கியிருந்தது. "பெரிய கம்பெனி கைக்குப் போச்சு, புத்தியைக் காட்டிட்டாங்க"ன்னு பேச்சு.

கம்பெனி சொன்ன காரணம்: அலுமினிய டியூப் மடிக்க மடிக்க வெடிச்சுக் கசியுது, வாங்கினவங்களே புகார் சொல்றாங்க. எனக்கு இதுல பாதி ஒத்துக்க முடியுது. உலோக டியூப் பார்த்த தலைமுறைக்குத் தெரியும்: சுருட்டின இடத்துல விரிசல் விட்டு, பேஸ்ட் மூடி வழியா வராம வயித்து வழியா வரும். ஆனா ஒண்ணு, அலுமினியத்தைக் கழுவிக் கொடுத்தா உருக்கறதுக்கு ஆள் உண்டு. அடுக்கு டியூபுக்கு இல்லை. காலி டியூபைத் தபால்ல டெர்ராசைக்கிள்ங்கற மறுசுழற்சி நிறுவனத்துக்கு அனுப்பலாம்னு ஒரு ஏற்பாடு செஞ்சாங்க. யோசிச்சுப் பாருங்க, ஒரு காலி டியூபுக்காக எத்தனை பேர் தபால் ஆபீஸ் போவாங்க?

[காட்சி: ஷாம்பு பாட்டில். அடியில் முக்கோணத்துக்குள் 2 என்ற எண்.]

அடுத்த கட்டம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி.

ஷாம்பு பாட்டிலைக் கவுத்துப் பாருங்க, பல பாட்டில்கள்ல 2-ன்னு போட்டிருக்கும். எச்.டி.பி.ஈ. பிளாஸ்டிக். உலகம் முழுக்கப் பழைய பொருள் வியாபாரத்துல இதுக்கு விலை உண்டு. டியூப் முழுக்க இதுலயே செஞ்சா பிரச்சினை தீர்ந்தது. ஆனா எச்.டி.பி.ஈ. விறைப்பான ஜாதி. ஷாம்பு பாட்டிலைக் கடைசி வரைக்கும் பிதுக்க முடியுதா? அந்த விறைப்பை வச்சுக்கிட்டு பட்டாணி அளவு பேஸ்ட்டை எப்படி வரவைக்கிறது?

கோல்கேட் பொறியாளர்கள் ஒரே எச்.டி.பி.ஈ.யில வெவ்வேறு ரகங்களை, வெவ்வேறு தடிமன்ல, ஒண்ணு முதல் ஆறு அடுக்கு வரைக்கும் மாத்தி மாத்திச் சேர்த்துப் பார்த்தாங்க. பன்னிரண்டு விதமான சேர்க்கைகள். அடுக்கு இருக்கு, ஆனா ஜாதி ஒண்ணுதான், அதனால உருக்கினா ஒண்ணாக் கலந்துடும். மணம் போகாம இருக்க, இந்தத் தொழில்ல அலுமினியத்துக்குப் பதிலா ஈ.வி.ஓ.எச்.னு ஒரு தடுப்புப் பிளாஸ்டிக்கை மறுசுழற்சியைக் கெடுக்காத அளவுக்கு லேசாப் பூசறாங்க.

2019-ல அமெரிக்காவுல பிளாஸ்டிக் மறுசுழற்சி செய்றவங்களோட சங்கம், ஏ.பி.ஆர்., இந்த டியூபை ஏத்துக்கிச்சு. பாட்டில்களோட சேர்ந்து வந்தாலும், உள்ள கொஞ்சம் பேஸ்ட் ஒட்டியிருந்தாலும், பாதகம் இல்லைன்னாங்க. முதல்ல இந்த டியூப்ல கடைக்கு வந்தது டாம்ஸ் ஆஃப் மெய்ன் பேஸ்ட்தான். இன்னொண்ணும் நடந்தது: செய்முறையைக் கோல்கேட் பூட்டி வைக்கல, போட்டிக் கம்பெனிகளுக்கும் சொன்னாங்க. பெருந்தன்மைன்னு மட்டும் நினைக்காதீங்க, கணக்கும் இருக்கு. ஒரே ஒரு கம்பெனியோட டியூப் மட்டும் நல்லதா இருந்தா, தரம் பிரிக்கிற இடத்துல எல்லா டியூபையும் சேர்த்துத் தூக்கிப் போட்டுடுவாங்க. ஊரே மாறினாத்தான் இவங்க மாறினதுக்குப் பலன். டியூப் தயாரிக்கிறதுல உலகத்துலயே பெரிய பெயர்கள்ல ஒண்ணு மும்பையைச் சேர்ந்த ஈ.பி.எல்., பழைய பேர் எஸ்ஸெல் ப்ரோபேக். அவங்க டியூபுக்கும் அதே 2019-ல ஏ.பி.ஆர். அங்கீகாரம் கிடைச்சது.

[காட்சி: ஓடும் கன்வேயர் பெல்ட். பாட்டில்களுக்கு நடுவே ஒரு டியூப். ஒரு கை அதை எடுத்து ஓரமாக எறிகிறது.]

சுபம் போட்டுடலாமா? இல்லை. 2023-ல கலிஃபோர்னியாவுல கோல்கேட் மேல நுகர்வோர் வழக்கு. டியூப் மேல 'மறுசுழற்சி செய்யலாம்'னு அச்சடிச்சிருக்கீங்க, ஆனா கிட்டத்தட்ட எந்த மறுசுழற்சி மையமும் எடுத்துக்கிறதே இல்லையேங்கறது வழக்குப் போட்டவங்களோட வாதம். உருக்க முடியும்ங்கறது வேற, ஒருத்தர் எடுத்துப்போய் உருக்குவார்ங்கறது வேற. பெல்ட்ல நிக்கிறவருக்குப் பழைய டியூபும் புது டியூபும் பார்க்க ஒரே மாதிரிதானே இருக்கு.

இதே சிக்கல் பிரஷ்லயும் உண்டு. மூங்கில் பிரஷ் வாங்கினா கைப்பிடி மக்கும், முடி மக்காது. பெரும்பாலும் நைலான். 'தாவர முடி'ன்னு போட்டிருந்தா அது ஆமணக்கு எண்ணெயிலிருந்து வந்த நைலானா இருக்கலாம். உலக ஆமணக்குல பெரும்பகுதி விளையறது இந்தியாவுல, அதுலயும் குஜராத்ல. நைலான் 6,10-னு ஒரு ரகம்: அதோட சங்கிலியில ஒவ்வொரு கண்ணியிலயும் இருக்கிற 16 கார்பன் அணுவுல 10 ஆமணக்குலிருந்து, மீதி 6 பெட்ரோலியத்துலிருந்து. கிட்டத்தட்ட 62 சதவீதம் செடி. ஆனா செடியிலிருந்து வந்ததால மக்கிடும்னு நினைச்சு எரு குழியில போடாதீங்க. குறடு வச்சு முடியைப் பிடுங்கிட்டுக் கைப்பிடியை மட்டும் போடுங்க. 2020-ல பிரிட்டிஷ் டென்டல் ஜர்னல்ல வந்த ஆய்வுல, பருவநிலை பாதிப்புக் கணக்குல மூங்கில் பிரஷ்ஷை விட மின்சார பிரஷ் 11 மடங்கு. அதே ஆய்வு, தலையை மட்டும் மாத்திக்கிற பிளாஸ்டிக் பிரஷ்ஷும் மூங்கிலுக்குச் சளைச்சதில்லைன்னு சொல்லுது. எல்லாரும் மூங்கிலுக்கு மாறினா அதுக்கான நிலம் எங்கன்னும் கேக்குது.

[காட்சி: கண்ணாடிக் குப்பியிலிருந்து ஒரு மாத்திரை உள்ளங்கையில் விழுகிறது.]

டியூபே வேண்டாம்னு மாத்திரை வடிவ பேஸ்ட்டும் இப்போ கிடைக்குது. வாயில போட்டு மென்னு, ஈர பிரஷ்ஷால தேய்க்கணும். தண்ணி சேர்க்காததால எடையும் குறைவு. வாங்குறதுக்கு முன்னாடி லேபிள்ல ஃபுளோரைடு இருக்கான்னு பாருங்க. 'இயற்கை'ங்கற பேர்ல அதை எடுத்துட்டு விக்கிறதுல எனக்கு உடன்பாடு இல்லை. பல்லு சொத்தையானா ஊசி, கையுறை, ஃபில்லிங், கிளினிக்குக்கு நாலு தடவை வண்டி. அந்தக் குப்பையை யார் கணக்குல எழுதறது?

[காட்சி: மறுபடியும் அதே பழைய பேப்பர் கடை. தராசு.]

போன வாரம் 2-ம் நம்பர் போட்ட டியூப் ஒண்ணு கிடைச்சது. வெட்டி, கழுவி, அதே கடைக்கு எடுத்துட்டுப் போனேன். கடைக்காரர் மறுபடியும் ஓரத்தைச் சுரண்டினார். வெள்ளி இல்லை. ரெண்டு விரலால கசக்கி, காதுகிட்ட வச்சுச் சத்தம் கேட்டார். 

"ஷாம்பு பாட்டில் சாக்குல போடுங்க," என்றார். அப்புறம் கூப்பிட்டு, "சார், மூடி வேற பிளாஸ்டிக். அடுத்த தடவை கழட்டிட்டு வாங்க."