கிருமி வைத்த நெருப்பா, உடம்பு மூட்டிய அடுப்பா?

வணக்கம்.

நான் ஈறு நோய் பார்க்கும் மருத்துவன். என் கையில் அதிகம் புழங்கும் கருவி ஒரு மெல்லிய கம்பி. முனை மழுங்கி இருக்கும், மேலே மில்லிமீட்டர் கணக்கில் கறுப்புக் கோடுகள் இருக்கும். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே உள்ள இடுக்கில் அதை மெதுவாக இறக்குவேன். நல்ல ஈறு என்றால் ஒன்று, இரண்டு, மிஞ்சிப்போனால் மூன்று மில்லிமீட்டரில் நின்றுவிடும். கெட்டுப்போன ஈறில் ஐந்து, ஆறு, ஏழு என்று கம்பி பாட்டுக்கு இறங்கிக்கொண்டே போகும். வெளியே எடுத்த சில நொடிகளில் ஈறின் விளிம்பில் ரத்தம் கசியும். இத்தனைக்கும் பெரும்பாலானவர்களுக்கு வலி இருக்காது. பல் ஆட ஆரம்பித்த பிறகுதான் வருவார்கள்.

வந்ததும் கேட்பது ஒரே கேள்விதான். "இது எந்தக் கிருமி டாக்டர்? அதுக்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்துடுங்களேன்." அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆராய்ச்சியாளர்களும் நூறு வருடத்துக்கு மேல் இதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

வாய்க்குள் கிருமி இருப்பதை முதலில் பார்த்தவர் ஒரு துணி வியாபாரி. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்து ஆண்டனி வான் லேவன்ஹூக். தன் பல்லிடுக்கில் இருந்த வெள்ளைப் பசையைச் சுரண்டி, தானே செய்த லென்ஸுக்கு அடியில் வைத்தார். குட்டிக் குட்டி உயிர்கள் துள்ளி ஓடின. 1683-இல் லண்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார். தினமும் உப்பு வைத்துப் பல் தேய்ப்பவர் அவர், அந்தப் பெருமையையும் கடிதத்தில் சேர்த்துக்கொண்டார். பிற்பாடு ஒருநாள் பார்த்தால் முன்பல் அழுக்கில் ஒன்றுகூட அசையவில்லை. காலையில் குடிக்கும் சூடான காபிதான் கொன்றிருக்க வேண்டும் என்று யோசித்தார். காபி எட்டாத பின்பக்கப் பல்லில் சுரண்டிப் பார்த்தார், அங்கே உயிரோடு இருந்தன. ஒரு சந்தேகம் வந்ததும் அதைச் சோதித்துப் பார்த்துவிடும் அந்தக் குணத்துக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

கிருமி இருக்கிறது, சரி. நோய்க்கு அதுதான் காரணமா? நேரடியான சோதனைக்கு 1965 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஒரே வருடத்தில் இரண்டு ஆய்வுகள் வெளிவந்தன.

முதலாவது அமெரிக்காவில், எலிகளை வைத்து நடந்தது. கக்கேஹாஷி, ஸ்டான்லி, ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற மூவர் எலிகளின் கடைவாய்ப் பல்லில் ஓட்டை போட்டு, உள்ளே இருக்கும் உயிர்ச்சதையைத் திறந்து, அடைக்காமல் அப்படியே விட்டுவிட்டார்கள். இரை துணுக்குகள் ஓட்டைக்குள் போய் அடைத்துக்கொண்டன. சாதாரண எலிகளுக்குச் சில நாட்களிலேயே சதை அழுகி, வேர் நுனியில் சீழ் கட்டியது. பிறந்ததிலிருந்து கிருமியே படாமல் வளர்க்கப்பட்ட எலிகளுக்கோ, அதே ஓட்டை, அதே இரைத் துணுக்கு, ஆனாலும் சதை சாகவில்லை. ஓட்டைக்குக் கீழே புதிதாகப் பல் திசு வளர்ந்து பாலம் போல மூடிக்கொண்டது. வேர் நுனிச் சீழைப் பொறுத்தவரை வழக்கு அத்தோடு முடிந்தது. கிருமி இல்லையேல் சீழ் இல்லை.

இரண்டாவது டென்மார்க்கில், ஈறைப் பற்றியது. ஹரால்ட் லோ என்ற பேராசிரியரும் கூட்டாளிகளும் ஆரோக்கியமான ஈறு உள்ள 12 பேரைப் பிடித்தார்கள். பெரும்பாலும் பல் மருத்துவ மாணவர்கள். "இன்றிலிருந்து பல் துலக்காதீர்கள்" என்றார்கள். பல் மருத்துவம் படிக்கிற பிள்ளைகளிடம் போய் இப்படிச் சொன்னால் எவ்வளவு குஷியாக இருந்திருக்கும்! பத்து நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் எல்லாருக்கும் ஈறு சிவந்து வீங்கியது. மறுபடி துலக்கச் சொன்னதும் ஏறத்தாழ ஒரு வாரத்தில் ஈறு பழையபடி ஆனது. இடைப்பட்ட நாட்களில் பல்மேல் படிந்த படலத்தை நாள்வாரியாகப் பார்த்திருந்தார்கள். முதலில் உருண்டைக் கிருமிகள், பிறகு நூல் போன்றவை, கடைசியாகச் சுருள்சுருளாக நெளிபவை. குடியிருப்பு மாற மாற ஈறு கெட்டது.

அத்தோடு விட்டிருந்தால் கதை சுலபம்: துலக்கினால் நல்லது, துலக்காவிட்டால் கெட்டது. அதைக் குழப்பியதும் லோதான். 1970-இல் இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் ஆண் தொழிலாளர்கள் 480 பேரைப் பார்த்தார். பல் துலக்கும் வழக்கமும் கிடையாது, பல் மருத்துவ வசதியும் கிடையாது. எல்லார் பல்லிலும் படலமும் காரையும் அப்பிக் கிடந்தன. இவர்களை 15 வருடம் தொடர்ந்து பரிசோதித்தார்கள். எல்லாருக்கும் ஒரே மாதிரி ஈறு அரித்திருக்க வேண்டும் அல்லவா? சுமார் 8 சதவீதம் பேருக்கு நோய் தறிகெட்டு ஓடியது, 35 வயதுக்குள் ஈறின் பிடிமானம் சராசரியாக 9 மில்லிமீட்டர் போய்விட்டது. 81 சதவீதம் பேருக்கு நிதானமாக நகர்ந்தது, அதே வயதில் 4 மில்லிமீட்டர். மீதி 11 சதவீதம் பேருக்கு ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. ஈறு வீக்கத்தோடு நின்றுவிட்டது, அடியில் எலும்பு அப்படியே இருந்தது.

இந்த மூன்று எண்களை என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் எழுதி வைத்திருக்கிறேன். "நான் ஒழுங்காகத்தானே தேய்க்கிறேன், எனக்கு ஏன்?" என்று கேட்பவரிடம் காட்டுவதற்கு.

சரி, ஈறு கெட்டவர் வாயில் மட்டும் இருந்து, ஈறு நன்றாக இருப்பவர் வாயில் இல்லாத கிருமி ஏதாவது இருக்குமோ? இந்தத் தேடலுக்கு ஆயுளைக் கொடுத்தவர் பாஸ்டன் ஃபோர்சித் நிறுவனத்தின் சிக்மண்ட் சோக்ரான்ஸ்கி. 185 பேரிடமிருந்து 13,000-க்கும் மேற்பட்ட மாதிரிகள் எடுத்து, எந்தக் கிருமி எதோடு சேர்ந்து குடியிருக்கிறது என்று பார்த்தார்கள். 1998-இல் வெளியான அந்த ஆய்வில் கூட்டங்களுக்கு நிறம் கொடுத்தார்கள். ஈறு பல்லை விட்டு விலகி உண்டான ஆழமான பைகளில், ரத்தம் கசியும் இடங்களில் திரும்பத் திரும்ப அகப்பட்ட மூவருக்குச் சிவப்பு: போர்ஃபைரோமோனாஸ் ஜின்ஜிவாலிஸ், டான்னரெல்லா ஃபோர்சித்தியா, ட்ரெபோனீமா டென்டிகோலா. நான் படித்த காலத்தில் இந்தப் பெயர்களை மனப்பாடம் செய்ய நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். குற்றவாளி பிடிபட்டான் என்றே எல்லாரும் நினைத்தோம்.

அப்புறம்தான் சிக்கல். இதே மூவர் ஈறு நன்றாக இருப்பவர் வாயிலும் சிறு எண்ணிக்கையில் இருந்தார்கள். நெருப்பு எரியும் இடத்தில் எப்போதும் நிற்கிறான் என்பதற்காக அவன்தான் கொளுத்தினான் என்று சொல்லிவிட முடியுமா? குளிர்காய வந்தவனாகக்கூட இருக்கலாம்.

2011-இல் ஜார்ஜ் ஹஜிஷெங்காலிஸ், ரிச்சர்ட் டார்வோ குழுவினர் சுண்டெலிகளில் இதைச் சோதித்தார்கள். அந்த ஜின்ஜிவாலிஸ் கிருமியை வாயில் விட்டார்கள். மொத்தக் கிருமிக் கூட்டத்தில் அது 0.01 சதவீதத்துக்கும் குறைவு. ஆனாலும் எலும்பு கரைந்தது. வேறு கிருமியே இல்லாத சுண்டெலிகளின் வாயில் அதை மட்டும் விட்டபோது எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. தனியாக அதனால் எதுவும் முடியவில்லை. வெள்ளணுக்கள் கிருமியைக் கொல்லும் திறனை அது குழப்பிவிடுகிறது. காவலர்கள் தடுமாறும் நேரத்தில், அதுவரை சாதுவாக இருந்த மற்றவை பெருகுகின்றன. எலும்பு கரைவது அந்தப் பெருக்கத்தால்தான்.

இந்தக் கிருமிகளின் சாப்பாட்டையும் சொல்ல வேண்டும். பல்லைச் சொத்தையாக்கும் கிருமிகளுக்குச் சர்க்கரை வேண்டும். ஜின்ஜிவாலிஸுக்குச் சர்க்கரை தேவையில்லை. புரதமும், ரத்தத்தில் உள்ள இரும்புச் சத்தும்தான் வேண்டும். ஈறு வீங்கினால் இடுக்கில் நீர் சுரக்கும், ரத்தம் கசியும், இரண்டிலும் அதற்குப் பிடித்ததே நிறைந்திருக்கும். கிருமியை விரட்ட உடம்பு கிளப்பும் அழற்சியே கிருமிக்குப் பந்தி போடுகிறது. கிருமி பெருகியதால் வீக்கமா, வீங்கியதால் கிருமி பெருகியதா என்று பிரிக்கவே முடியாத வட்டம் இது.

எலும்பைக் கரைப்பது யார்? கிருமி கரைப்பதில்லை. 1972-இல் ஜான் ஹார்ட்டனும் கூட்டாளிகளும் மனித வெள்ளணுக்களைக் கண்ணாடிப் பாத்திரத்தில் வளர்த்து, பல் படலத்திலிருந்து எடுத்த பொருளை அதில் சேர்த்தார்கள். வெள்ளணுக்கள் வெளியே விட்ட நீரை எலும்புத் துண்டில் ஊற்றினால் எலும்பு கரைந்தது. கிருமியின் வாடை பட்டதும் உடம்பு தன் எலும்பைத் தானே அரிக்க உத்தரவு போடுகிறது. தொற்று எலும்புக்குள் நுழையாமல் இருக்க எலும்பைப் பின்வாங்கச் செய்கிறது என்று இதை விளக்குபவர்கள் உண்டு. எனக்கும் அது சரியாகவே படுகிறது. ஊரைக் காப்பாற்ற வயலைக் கைவிடுவது போல. பல்லுக்குத்தான் நிற்க இடம் இல்லாமல் போகிறது.

இதில் ஆளுக்கு ஆள் வேறுபாட்டைக் கூட்டும் பழக்கங்களும் நோய்களும் உண்டு. கட்டுக்குள் இல்லாத சர்க்கரை நோய் அழற்சியை ஊதிவிடும். புகையிலை இன்னும் மோசம், நோயை வளர்ப்பதோடு மறைத்தும் வைக்கும். புகைபிடிப்பவர் ஈறில் ரத்தக் கசிவு குறைவாக இருக்கும். "ரத்தமே வரல டாக்டர், அப்ப நல்லாத்தானே இருக்கு" என்பார்கள். கம்பியை இறக்கினால் எட்டு மில்லிமீட்டர்.

அபூர்வமான பிறவிக் குறை ஒன்று உண்டு. நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணு ரத்தக் குழாயை விட்டு வெளியே வர முடியாது. இந்தக் குழந்தைகளுக்குச் சிறு வயதிலேயே பற்கள் விழுந்துவிடும். காவல் இல்லை, கிருமி புகுந்து அழித்துவிட்டது என்றுதான் பாடப்புத்தகத்தில் படித்தோம். 2014-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அந்த ஈறுத் திசுவைச் சோதித்தபோது கிருமிகள் பல்லின் மேலேயே இருந்தன, சதைக்குள் புகுந்திருக்கவில்லை. உள்ளே கட்டுக்கடங்காமல் ஏறியிருந்தது உடம்பின் சொந்த அழற்சித் தூதுப் பொருள், இன்டர்லூகின்-17. வெள்ளணு வந்து சேர்ந்து "போதும்" என்று சொல்லாததால் அது நிற்காமல் சுரந்துகொண்டே இருந்தது. 2017-இல் ஒரு நோயாளிக்கு, இன்டர்லூகின்-17 சுரப்பைத் தூண்டும் சங்கிலியை மறிக்கும் ஊசி போட்டார்கள். ஈறு அழற்சி அடங்கியது. அது ஒரே ஒரு நோயாளி, எதிர்ப்புச் சக்தியை மட்டுப்படுத்தும் மருந்து. எல்லாருக்கும் அதைப் போடுங்கள் என்று யாரும் சொல்லவில்லை.

மாத்திரை கேட்டவரிடம் இவ்வளவையும் நான் சொல்வதில்லை. பசைபோல ஒட்டிய படலத்துக்குள் பதுங்கியிருக்கும் கிருமியை மாத்திரை மட்டும் போய்ச் சேராது என்று மட்டும் சொல்லிவிட்டு, ஈறுக்கு அடியில் படிந்த காரையைச் சுரண்டி எடுப்பேன். பழைய கிருமிகளில் பல திரும்பவும் குடியேறும். அழற்சி தணிந்த இடத்தில் அவற்றுக்குப் பழைய பந்தி கிடைக்காது. மூன்று மாதம் கழித்து வரச் சொல்லி, அதே பல்லின் அதே மூலையில் கம்பியை இறக்குவேன். போன முறை ஏழில் நின்றது இப்போது நான்கில் முட்டி நிற்கும். எடுத்துவிட்டு, விளிம்பைப் பார்த்துக்கொண்டே மனசுக்குள் பத்து எண்ணுவேன், ரத்தம் வருகிறதா என்று.

நன்றி, வணக்கம்.