மணல் இல்லாத தீவு

நண்பர்களே, வணக்கம். தீவுச் சுற்றுலா என்றதும் உங்கள் கண்முன் வெள்ளை மணலும் தென்னையும் வந்திருக்கும். நான் சொல்லப்போகும் மதீராவில் கரையெல்லாம் பாறையும் கூழாங்கல்லும்தான். கறுப்பு மணல் அங்கங்கே கொஞ்சம் உண்டு. கலேட்டா போன்ற ஓரிரு ஊர்களில் மட்டும் அழகான மஞ்சள் மணல் பரப்பைப் பார்க்கலாம். அது மொராக்கோவிலிருந்து இறக்குமதியான மணல்!

அப்புறம் எதற்குப் போகிறார்கள்? முதலில் வெயிலுக்கும் குளிருக்கும் தப்பி. போர்ச்சுக்கலைச் சேர்ந்த இந்த அட்லாண்டிக் தீவின் தலைநகர் ஃபுன்ஷாலில் ஜனவரிப் பகலிலும் 19, 20 டிகிரி இருக்கும். ஆகஸ்டில் 26-ஐ ஒட்டி நிற்கும். 19-ஆம் நூற்றாண்டில் காசநோயாளிகள் குளிர்காலத்தைக் கழிக்க இங்கே வந்தார்கள். ஆஸ்திரியப் பேரரசி எலிசபெத்தும் 1860-இல் உடல்நலம் தேடி வந்தவர்தான். புகழ்பெற்ற ரீட்ஸ் ஹோட்டல் 1891-இல் திறந்தது.

ஆனால் நல்ல காற்று பல தீவுகளில் உண்டு. மதீராவுக்கே உரியது வாய்க்கால். மழை வடக்கே கொட்டுகிறது, கரும்பும் வாழையும் விளையும் நிலம் தெற்கே. நடுவே 1,862 மீட்டர் வரை உயரும் மலை. அதனால் 15-ஆம் நூற்றாண்டு முதல் மலையைச் செதுக்கி ‘லெவாடா’ என்னும் வாய்க்கால்களை வெட்டினார்கள். செங்குத்துப் பாறையில் கயிற்றில் தொங்கியபடி வேலை செய்தவர்களில் அடிமைகளும் இருந்தார்கள். இதையும் சேர்த்துத்தான் அந்த அழகைப் பார்க்க வேண்டும். இன்று மொத்த நீளம் ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல்.

நம் ஊர் நீராணிக்காரர் போல அங்கேயும் மடை திறந்து, முறை வைத்துத் தண்ணீர் விடும் ஆள் உண்டு. அவர் நடப்பதற்காக வாய்க்கால் ஓரம் போட்ட ஒற்றையடிப் பாதையில்தான் இன்று ஐரோப்பா முழுவதும் வந்து நடக்கிறது. தண்ணீருக்கு மெல்லிய சரிவு போதும். முழங்கால் வலிக்காரருக்கும் அதுவே தோது! எந்தச் சுற்றுலாத் துறையும் இப்படி யோசித்திருக்காது.

சரி, ஒரே ஒரு பாதை சொல்கிறேன். கெய்மாடாஸ் காட்டிலிருந்து கால்டெய்ராவ் வெர்டே அருவிக்குப் போவது. 1999-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த, லாரல் என்னும் பசுமை மாறா மரங்களின் காடு இருபுறமும். மூடுபனி இலையில் பட்டுச் சொட்டி, அதுவும் வாய்க்காலுக்கே வந்து சேரும். வழியில் குகைப்பாதைகள் குறுக்கிடும். உள்ளே கும்மிருட்டு, கூரையும் தாழ்வு. டார்ச் எடுத்துப் போங்கள். உயரமானவர்கள் குனிந்தே நடங்கள்.