நின்றுபோன அணு உலை எப்படி உருகும்? ஒரு நேயரின் சந்தேகம்

அடுத்த கேள்விக்கு வருவோம். ஒரு நேயர் கொஞ்சம் கோபமாகவே கேட்டிருக்கிறார். "2011-இல் ஜப்பானில் நிலநடுக்கம் வந்ததும் ஃபுகுஷிமா உலைகள் தானாக நின்றுவிட்டன என்று சொன்னீர்கள். நின்ற உலை எப்படி ஐயா உருகும்? பக்கத்திலேயே கடல். மொண்டு ஊற்ற வேண்டியதுதானே? நான் கல்பாக்கம் பக்கம் இருப்பவன், அதனால் கேட்கிறேன்."

நியாயமான கேள்வி. "மொண்டு ஊற்ற வேண்டியதுதானே" என்பதில்தான் விஷயமே இருக்கிறது. அதனால் அங்கேதான் அதிக நேரம் நிற்கப் போகிறேன்.

முதலில் 'நின்றது' என்றால் என்ன? விறகடுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். விறகை வெளியே இழுத்துவிட்டீர்கள், தீ இல்லை. ஆனால் தணல் இருக்கிறது. பழைய சூடு ஆறுவது வேறு, தணல் தானே புதிதாகச் சூட்டைத் தந்துகொண்டிருப்பது வேறு. அணு உலையில் நடப்பது இரண்டாவது. யுரேனியம் பிளவுபடுவது நொடிகளில் நின்றுவிடும். ஏற்கெனவே பிளந்து உண்டான பொருள்கள் சிதைந்துகொண்டே இருக்கும், அந்தச் சிதைவு வெப்பத்தைத் தந்துகொண்டே இருக்கும். நிறுத்திய கணத்தில் இது முழுத்திறனில் ஏறக்குறைய 7 சதவீதம். ஒரு நாள் கழித்து அரை சதவீதம் அளவுக்கு இறங்கும்.

அரை சதவீதம்தானே என்று தோன்றும். விபத்து நடந்த நிலையத்தின் பெயர் ஃபுகுஷிமா டாய்ச்சி. அதன் 1-ஆம் உலைதான் அங்கே சிறியது. அந்த உலையின் வெப்பத்திறனே 1380 மெகாவாட். கணக்குப் போட்டுப் பார்த்தால், நிறுத்தி ஒரு நாள் ஆன பிறகும் மணிக்குச் சுமார் 9000 லிட்டர் தண்ணீரை ஆவியாக்கும் சூடு உள்ளே இருக்கிறது. நம் தெருவுக்கு வருகிற தண்ணீர் லாரி ஒன்று, மணிக்கு ஒன்று, ராத்திரி பகல் பாராமல் வர வேண்டும்.

சரி, அன்றைக்கு என்ன ஆனது? மார்ச் 11, பிற்பகல் 2:46. 9.0 அளவில் நிலநடுக்கம். ஓடிக்கொண்டிருந்த 1, 2, 3-ஆம் உலைகள் நின்றன. வெளியிலிருந்து வரும் மின்சாரமும் போயிற்று. உடனே டீசல் ஜெனரேட்டர்கள் ஓட ஆரம்பித்தன. இதுவரை எல்லாம் திட்டப்படிதான். ஐம்பது நிமிடத்தில் சுனாமி வந்தது. அந்த நிலையம் 6 மீட்டருக்கும் குறைவான அலையைத்தான் கணக்கில் வைத்திருந்தது. வந்தது 14, 15 மீட்டர். ஜெனரேட்டர்களில் பல கட்டடங்களின் அடித்தளத்தில் இருந்தன, மூழ்கின. ஜெனரேட்டரைவிட மோசம், மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் பேனல்களும் மூழ்கின. அதனால்தான் பிறகு ஜெனரேட்டர் லாரிகள் வந்தும் உடனே பயன்படவில்லை. பிளக் இருக்கிறது, குத்துவதற்கு இடமில்லை.

இப்போது உங்கள் கேள்வி. ஏன் ஊற்றவில்லை?

உலைக்குள் அழுத்தம் காற்றழுத்தத்தைப்போல் சுமார் 70 மடங்கு. கார் டயரில் இருப்பதைவிட ஏறக்குறைய முப்பது மடங்கு. தீயணைப்பு வண்டியின் பம்ப் அதன் பக்கத்தில்கூட வராது. ஊதி விறைத்து நிற்கிற டயருக்குள் வாயால் ஊதுகிற கதைதான். ஆகவே முதலில் அழுத்தத்தை இறக்க வேண்டும். அதற்கு வால்வைத் திறக்க வேண்டும். திறக்க மின்சாரம் வேண்டும். மின்சாரம் இல்லை.

அங்கிருந்தவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? வாகன நிறுத்தத்துக்குப் போய்த் தங்கள் சொந்தக் கார்களின் பேட்டரிகளைக் கழற்றி வந்தார்கள். 12 வோல்ட் பேட்டரி பத்தை வரிசையாக இணைத்தால் 120 வோல்ட். 3-ஆம் உலையின் வால்வுக்கு வேண்டியது அது. கட்டுப்பாட்டு அறையில் அளவுமானிகளைப் படிக்கவும் கார் பேட்டரிதான். கையில் டார்ச் விளக்கு.

அளவுமானி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும், எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் உறுத்துவது அதுதான். அன்று இரவு ஒன்பதே கால் வாக்கில் 1-ஆம் உலையின் நீர்மட்ட மானி உயிர்பெற்றது. எரிபொருளுக்கு மேலே 20 சென்டிமீட்டர் தண்ணீர் இருப்பதாகக் காட்டியது. எல்லோருக்கும் ஒரு மூச்சு வந்தது. அது பொய். அந்த மானி ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென்று ஒரு குழாயில் தண்ணீர் வைத்திருக்கும். சூட்டில் அந்தத் தண்ணீரே ஆவியாகிவிட்டதால் மட்டத்தை உயர்த்திக் காட்டியது. உள்ளே அப்போது எரிபொருள் உருகிக்கொண்டிருந்தது என்பது பின்னால் செய்த ஆய்வில் தெரிந்தது. பழுதான நிலையத்தைச் சமாளிப்பதில் தண்ணீர் ஒரு பாதி என்றால், உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வது மறு பாதி. கண்ணைக் கட்டிவிட்டு வைத்தியம் பார்க்கச் சொன்னது மாதிரி இருந்தது அவர்கள் நிலைமை.

அப்புறம் உலைக் கட்டடத்தில் நடந்த வெடிப்பு. அது அணுகுண்டு வெடிப்பு இல்லை, இதை எத்தனை முறை சொன்னாலும் சந்தேகம் வந்துகொண்டே இருக்கிறது. எரிபொருளைச் சுற்றியிருக்கும் உறை ஸிர்கோனியம் கலவை. ஆயிரம் டிகிரிக்கு மேல் போனால் அது நீராவியோடு வினைபுரிந்து ஹைட்ரஜனை விடும். அந்த வாயு கட்டடத்தின் மேல்தளத்தில் சேர்ந்து வெடித்தது. 12-ஆம் தேதி பிற்பகல் 3:36-க்கு 1-ஆம் உலைக் கட்டடம். கொடுமை என்னவென்றால், ஆட்கள் பாடுபட்டு இழுத்த கேபிளை ஜெனரேட்டர் லாரியில் இணைத்துச் சில நிமிடங்கள்தான் ஆகியிருந்தன. வெடிப்பில் கேபிள் சேதமானது. எல்லாம் மறுபடியும் முதலிலிருந்து.

அன்று மாலையே கடல்நீரை ஊற்ற ஆரம்பித்தார்கள், ஐயா. உப்பு இறங்கினால் உலை அதோடு முடிந்தது, திரும்ப ஓட்ட முடியாது. ஆனாலும் நிலைய மேலாளர் மசாவோ யோஷிடா ஊற்றச் சொன்னார். தோக்கியோவிலிருந்து போன் வந்தது: பிரதமர் அலுவலகத்தில் இன்னும் பேச்சு நடக்கிறது, நிறுத்துங்கள். யோஷிடா பம்பைப் பார்த்துக்கொண்டிருந்தவரிடம் முன்கூட்டியே ரகசியமாகச் சொல்லிவிட்டார்: "நிறுத்து என்று நான் உரக்கச் சொல்வேன், நீ நிறுத்தாதே." காணொளிக் கூட்டத்தில் எல்லோரும் கேட்க நிறுத்தச் சொன்னார். தண்ணீர் நிற்கவில்லை. மேலிடத்து உத்தரவை மீறலாமா என்றால், இந்த இடத்தில் நான் யோஷிடா பக்கம். உலைக்கு எதிரில் நிற்பவனுக்குத் தெரிவது இருநூறு கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இருப்பவனுக்குத் தெரியாது.

ஆனால் ஊற்றியதெல்லாம் உலைக்குள் போய்ச் சேரவில்லை. கிளைக்குழாய்கள் வழியாக ஒரு பகுதி வேறு எங்கோ போனது பிறகுதான் தெரிந்தது. எனவே ஊற்றினார்கள், தாமதமாக, போதாமல்.

இதற்கு நேர் எதிரான கதை சுமார் 12 கிலோமீட்டர் தெற்கே நடந்தது. ஃபுகுஷிமா டாய்னி, அதே நிறுவனம், நான்கு உலைகள், அதே சுனாமி. அங்கேயும் குளிர்விக்கும் பம்புகள் பல போய்விட்டன. ஆனால் வெளி மின்சாரத்தில் ஒரே ஒரு லைன் மிச்சம் இருந்தது. அந்த மின்சாரத்தை வேண்டிய இடத்துக்குக் கொண்டுபோக 9 கிலோமீட்டர் நீளத்துக்குக் கேபிள் இழுத்தார்கள். இயந்திரத்தால் இல்லை, சுமார் 200 பேர் தோளில் சுமந்து. மேலாளர் நவோஹிரோ மசுதா ஆட்களை வெளியே போகச் சொல்வதற்கு முன், பின்னதிர்வுகள் குறைந்து வருவதை வெள்ளைப் பலகையில் எழுதிக் காட்டினார். 15-ஆம் தேதிக்குள் நான்கும் ஆறிவிட்டன. டாய்னியின் பெயர் உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஒரே ஒரு மின்கம்பி இருந்ததற்கும் இல்லாததற்கும் உள்ள வித்தியாசம் அது.

கல்பாக்கம் பற்றிச் சுருக்கமாக. 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது அங்கே ஓர் உலை ஓடிக்கொண்டிருந்தது. கடல்நீர் பம்ப் அறைக்குள் புகுந்தது, உலையை நிறுத்தினார்கள், மின்சாரம் கையில் இருந்தது, குளிர்வித்தார்கள். ஆகவே அங்கே கேட்க வேண்டிய கேள்வி, மின்சாரம் மொத்தமாகப் போனால் எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதுதான். கூடங்குளத்தில் மின்சாரம் இல்லாமலே காற்றோட்டத்தால் வெப்பத்தை வெளியேற்றும் ஏற்பாடு ஒன்று இருக்கிறது. அதை இன்னொரு நாள் விரிவாகப் பார்ப்போம்.

ஒருவர் துணைக்கேள்வியாக, இப்போது அங்கே வேலை முடிந்துவிட்டதா என்று கேட்டிருக்கிறார். இல்லை. உருகி இறுகிய எரிபொருள் மட்டும் மூன்று உலைகளிலும் சேர்த்து சுமார் 880 டன் இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். இன்றைக்கும் அதன்மேல் தண்ணீர் விட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். அந்த நீரோடு நிலத்தடி நீரும் கலக்கும். அதைத் தடுக்க மண்ணையே உறைய வைத்து ஒன்றரை கிலோமீட்டர் சுற்றளவுக்குப் பனிச்சுவர் போட்டார்கள். சேர்ந்த நீரைச் சுத்திகரித்து ஆயிரத்துக்கு மேற்பட்ட தொட்டிகளில் வைத்து, 2023 ஆகஸ்டிலிருந்து நீர்க்கச் செய்து கடலில் விடுகிறார்கள். உருகிய எரிபொருளில் முதல் துணுக்கை 2-ஆம் உலையிலிருந்து 2024 நவம்பரில்தான் நீளமான கருவி ஒன்றை விட்டு வெளியே எடுத்தார்கள். எடை ஒரு கிராமுக்கும் குறைவு.